எண்ணூறு ரூபாய் காட்டன் சேலையில் கல்யாண வரவேற்புக்குத் தயாராவது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

கல்யாண வரவேற்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. பட்டு எடுக்க இப்போது கையில் தோதில்லை. பீரோவில் இருப்பது எண்ணூறு ரூபாய்க்கு எடுத்த ஒரு காட்டன் சேலை. அதையே கட்டிக்கொண்டு போகலாமா என்று தெரிந்த பெண்கள் என்னிடம் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அதற்கு ஒரு வாரத்துக்கும் மேலான வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு வரிசையும் இருக்கிறது.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் உறவில் உள்ள பிள்ளைகளுக்கும் பல வருஷமாகச் சேலை கட்டிவிடுகிறேன். நான் பார்த்தவரை, ஒரு சேலை மலிவானது என்று கண்ணில் படுவது அதன் ஓரங்களில்தான். சுருங்கிய கீழ்க்கரை, எட்டிப் பார்க்கும் உள்பாவாடை, தோளில் கலைந்த மடிப்பு, கையிடுக்கில் இழுக்கும் ரவிக்கை. இந்த நான்கும் சரியாக இருந்தால் சேலையின் விலையை யாரும் யோசிப்பதில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த நான்கைச் சரிசெய்யும் வழிதான்.

பேச்சுக்கு ஒரு சேலையை வைத்துக்கொள்வோம்: கருநீல உடல், கடுகு மஞ்சள் கரை, 5.5 மீட்டர், 800 ரூபாய். மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் வரவேற்பு.

1. முதலில் நாளை எண்ணுங்கள்

குறைந்தது பன்னிரண்டு நாள் வேண்டும். ரவிக்கைதான் அதிகம் இழுக்கும். தையல்காரரிடம் கொடுத்து வாங்க ஒரு வாரம், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதம் என்றால் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் போகும்.

செலவையும் இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். சேலைக்கு மேல் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய் ஒதுக்க முடிந்தால் அதில் பெரும்பகுதி ரவிக்கைக்குப் போகட்டும். மீதி ஓரம் அடிக்கவும் உள்பாவாடைக்கும். நகைக்கு என்று புதிதாக ஒன்றும் வேண்டாம்.

2. சேலை எடுக்கும்போது பார்க்க வேண்டியது

கையில் ஏற்கெனவே சேலை இருந்தால் இதைத் தாண்டிப் போகலாம். இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றால், மாலை விழாவுக்கு அடர்ந்த நிறமாக எடுங்கள். மண்டபத்தில் வீடியோக்காரரின் விளக்கு நேராக அடிக்கும். மெல்லிய வெளிர் காட்டனில் அந்த வெளிச்சம் ஊடுருவி உள்பாவாடையின் எல்லை வரை காட்டிவிடும். கருநீலம், அரக்கு, கரும்பச்சை, கத்தரிப்பூ நிறங்களில் அந்தத் தொல்லை இல்லை.

உடல் முழுக்கப் பூப்போட்ட அச்சுச் சேலை வேண்டாம். அது அன்றாடம் கட்டுவது போலத்தான் தெரியும். வெற்று உடல், குறைந்தது நான்கு விரல் அகலக் கரை, கரையின் நிறத்திலேயே முந்தானை. கண்டாங்கி, நெகமம் வகைகளில் இப்படிப்பட்டவை கிடைக்கும். சுங்குடி எடுத்தால் புள்ளி சிறியதாக இருக்கட்டும்.

கடையிலேயே சேலையை முழுதாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இழை விட்டிருந்தால் அது கொசுவத்தில் மறையுமா, முன்பக்கம் வருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

3. தைக்கும் முன் அலசுங்கள்

புதுச் சேலையை நேராகத் தையல்காரரிடம் கொண்டுபோய் ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டைத் துணி) வைக்கச் சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காட்டன் முதல் தண்ணீரில் சுருங்கும். ஃபால்ஸ் துணியும் சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. தைத்த பிறகு நனைத்தால் கீழ்க்கரை புழுப்போல நெளிந்து நிற்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்த நெளிவு போகாது, பிரித்துத் தைப்பதுதான் வழி.

அதனால் சேலை, ஃபால்ஸ், ரவிக்கைத் துணி, அதன் லைனிங் துணி எல்லாவற்றையும் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். தனித்தனி வாளியில்.

நனைக்கும் முன் சாயத்தைச் சோதியுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கிச் சேலையின் உள்முனையில், அதாவது இடுப்பில் செருகும் முனையில், வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் சாயம் போகும் சேலை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாயம் போகிற சேலையை உப்பு நிறுத்தி நான் பார்த்ததில்லை. தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை தனியாக அலசுவதுதான் உருப்படியான வேலை. ஊறவே வைக்காதீர்கள், கரையின் நிறம் உடலில் ஏறிவிடும். அலசியதும் பிழியாமல் நிழலில் விரித்துப் போடுங்கள்.

4. ஓரமும் ஃபால்ஸும்

சேலையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துணி இருந்தால் ஓரம் அடிக்கும் முன் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த 80 சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டால் கொசுவத்தில் இரண்டு மூன்று மடிப்பு கூடும். கஞ்சி போட்ட காட்டனில் அது வயிற்றருகே மூட்டை கட்டியதுபோல் தெரியும்.

இரண்டு முனைகளுக்கும் ஓரம் அடிக்கச் சொல்லுங்கள். முந்தானையில் குஞ்சம் இருந்தால் அந்த முனையை அப்படியே விட்டு உள்முனைக்கு மட்டும் அடித்தால் போதும்.

ஃபால்ஸை உள்முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். ஃபால்ஸின் கீழ் விளிம்பை எந்திரத்திலும் மேல் விளிம்பைக் கையிலும் தைக்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பையும் எந்திரத்தில் ஓட்டிவிட்டால் முன்பக்கம் ஒரு கோடு தெரியும். விளக்கு வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். கைத்தையலுக்கு இருபது முப்பது ரூபாய் கூடக் கேட்பார்கள், கொடுங்கள்.

5. ரவிக்கையில்தான் பாதி வேலை

எளிய சேலையை விழாச் சேலை ஆக்குவது ரவிக்கை. சேலையோடு வந்த துணியில் அரைக்கை ரவிக்கை தைத்தால் அலுவலகம் போவது போல இருக்கும். அதே கருநீலச் சேலைக்குக் கடுகு மஞ்சளைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் ரா சில்க் ரவிக்கை போட்டுப் பாருங்கள், ஆளே மாறிவிடுவார்.

நிறத்தைக் கரையிலிருந்து எடுங்கள், உடலிலிருந்து வேண்டாம். கரையின் அதே நிறத்தைத் துல்லியமாகத் தேடிக் கடை கடையாக அலையவும் வேண்டாம். கொஞ்சம் விலகினால் பொருந்தாமல் போனது மாதிரி இருக்கும். ஒரு படி அடர்த்தியாக எடுத்தால் வேண்டுமென்றே எடுத்தது தெரியும். சேலையைக் கடைக்குக் கொண்டுபோய், வாசலில் பகல் வெளிச்சத்தில் துணியை மேலே போட்டுப் பார்த்து எடுங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

கலம்காரி, இக்கத் துணிகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் அவை பகல் விழாவுக்கு இன்னும் பொருந்தும். மாலைக்கு லேசான பளபளப்பு வேண்டும், அதைக் கொடுப்பது ரா சில்க்.

கை நீளம் முழங்கை வரை இருக்கட்டும். இதற்கு ஒரு மீட்டர் துணி வாங்குங்கள். 80 சென்டிமீட்டர் துணியில் நீளக்கை வைத்தால் தையல்காரர் எங்கேயாவது ஒட்டுப்போட வேண்டிவரும். கழுத்து எளிமையாக இருக்கட்டும். பின்கழுத்தில் கயிறு, மணி, கண்ணாடி என்று சேர்க்கச் சேர்க்கச் சேலை பின்னுக்குப் போய்விடும்.

அளவு கொடுக்கும் அன்று, விழாவுக்குப் போடப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போங்கள். அளவு ரவிக்கை கொடுப்பதாக இருந்தால் இப்போது சரியாகப் பொருந்துவதைக் கொடுங்கள், இரண்டு வருஷம் முன்பு பொருந்தியதை அல்ல. பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். பிறகு பிரித்து விடுவதற்கு அது ஒன்றுதான் வழி.

ரவிக்கை கைக்கு வந்ததும் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கீழ்ப்பட்டி மேலே ஏறினால் கையிடுக்கு இறுக்கம். தோள் தையல் தோள் எலும்பின் நுனியைத் தாண்டி இறங்கினால் தோள் அகலம் அதிகம். இந்த இரண்டையும் அன்றே திருத்தக் கொடுத்துவிடுங்கள். "பரவாயில்லை, சேலை மறைத்துவிடும்" என்று விட்டவர்கள் மூன்று மணி நேரமும் தோளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வலப்பக்கத் தோளைச் சேலை மறைப்பதே இல்லையே.

6. செருப்பு, உள்பாவாடை, பிறகு ஒத்திகை

செருப்பை இப்போதே முடிவு செய்யுங்கள். சேலையின் உயரம் செருப்பைப் பொறுத்தது. பலர் வெறுங்காலில் கட்டி முடித்துவிட்டுச் செருப்பைக் கடைசியில் மாட்டுகிறார்கள். இரண்டு அங்குலக் குதிகால் ஏறியதும் சேலை இரண்டு அங்குலம் மேலே போய்விடும், கணுக்கால் தெரியும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை, அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான்.

மண்டப மேடைக்குப் படி ஏற வேண்டும், சாப்பாட்டுக்கு மாடியோ கீழ்த்தளமோ போக வேண்டும். ஊசிக் குதிகால் வேண்டாம். அகலக் குதிகால் உள்ளது, ஏற்கெனவே போட்டுப் பழகியது போதும்.

உள்பாவாடை சேலை உடலின் நிறத்திலேயே இருக்க வேண்டும். அகலம் குறைவாக வெட்டிய பருத்தி உள்பாவாடை எடுங்கள். கஞ்சி போட்ட சேலை தானாகவே விரிந்து நிற்கும். உள்ளேயும் அகலமாக இருந்தால் குடை விரித்ததுபோல் ஆகிவிடும். உடலைப் பிடிக்கும் ஃபிஷ் கட் உள்பாவாடை மெல்லிய ஜார்ஜெட், ஷிஃபான் சேலைகளுக்கு அழகு. காட்டனுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை, ரப்பர் இடுப்பு கொசுவத்தின் கனத்தில் மெல்ல இறங்கும். நாடா வைத்ததே உறுதி. அதன் நீளம் சேலையின் கீழ்க்கரையைவிட இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மடித்துத் தைத்துவிடுங்கள், இடுப்பில் சுருட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஒத்திகை. கஞ்சி போடும் முன் இதைச் செய்ய வேண்டும். கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகு கட்டிப் பார்த்தால் கட்டிய சுவடு முழுக்கச் சேலையில் விழுந்துவிடும். செருப்பு, ரவிக்கை எல்லாம் போட்டு முழுதாகக் கட்டி, உட்கார்ந்து எழுந்து, நாலு படி ஏறி இறங்குங்கள். யாரையாவது ஃபிளாஷ் போட்டு முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காட்டாததை அது காட்டும்.

7. கஞ்சியும் இஸ்திரியும்

இரண்டு நாள் முன்பு, வெயில் உள்ள நாளில்.

இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலைத் தவிர்க்காதீர்கள். ஒரு பெண் அவசரத்தில் சாதக் கஞ்சியை அப்படியே ஊற்றிவிட்டாள். காய்ந்ததும் கருநீலச் சேலை முழுக்கச் சாம்பல் பூத்த திட்டுகள், மறுபடி அலசி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அடர் நிறத்தில் கஞ்சி எப்போதும் நீர்த்தே இருக்க வேண்டும்.

வடிகட்டியதை மூன்று லிட்டர் தண்ணீரில் கலந்து, ஏற்கெனவே நனைத்துப் பிழிந்த சேலையை அதில் போடுங்கள். உலர்ந்த சேலையைப் போட்டால் முதலில் பட்ட இடம் மட்டும் கஞ்சியைக் குடித்துவிடும். எல்லா இடமும் நனையும்படி புரட்டி எடுத்து, நீளவாக்கில் இருவர் பிடித்து உதறி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து நிழலில் போடுங்கள். காய்ந்தபின் மொடமொடவென்று நிற்கக்கூடாது. கையில் எடுத்தால் காகிதம் போலச் சத்தம் வராமல், மடித்தால் மடிப்பு நிற்க வேண்டும், அந்தப் பதம்.

முழுக்கக் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்திருந்து போடுங்கள். பின்பக்கமாகத் தேய்த்தால் அடர் நிறத்தில் மினுமினுப்புத் தடம் விழாது. கரையில் ஜரிகை இருந்தால் சூட்டைக் குறைத்து மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். மலிவுச் சேலையின் ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்தது, சூட்டில் சுருண்டுவிடும்.

கடையில் கொடுத்துத் தேய்ப்பதாக இருந்தால் நாலாக மடித்துத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குறுக்கு மடிப்புக் கோடுகள் கட்டும்போது வயிற்றின் குறுக்கே வந்து நிற்கும்.

8. முந்தின இரவு

முந்தானையை மட்டும் இன்றே மடித்துவிடுங்கள். நான்கு விரல் அகலத்தில் ஐந்தாறு மடிப்பு. கரை உள்ள மடிப்பு எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும், மற்றவற்றைவிட ஒரு நூல் அகலமாக இருந்தால் கீழுள்ளவை வெளியே தெரியாது. துணிக் கிளிப் நாலைந்து போட்டு, முந்தானை முனையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு இஸ்திரியை மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுங்கள். இழுக்காதீர்கள், மடிப்பு விலகிவிடும். கிளிப்போடு ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

ஊக்குகளையும் இப்போதே எடுத்து வையுங்கள்: சிறியது நான்கு, பெரியது இரண்டு. துருப்பிடித்தது ஒன்று இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

9. கட்டும் வரிசை

முகத்துக்கும் தலைக்கும் செய்ய வேண்டியதை முடித்துவிட்டு, பூவை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பிறகு ரவிக்கை, உள்பாவாடை. செருப்பை மாட்டுங்கள். நாடா தொப்புள் மட்டத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

உள்முனையை வலது இடுப்பில் செருகி ஒரு சுற்று வாருங்கள். கீழ்க்கரை சுற்றிலும் ஒரே மட்டத்தில், தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஏறும்.

அடுத்தது முந்தானை, கொசுவம் பிறகு. புதிதாகக் கட்டுபவர்கள் கொசுவத்தை முதலில் வைத்துச் செருகிவிடுவார்கள். மிச்சம் இருப்பதுதான் முந்தானை என்றாகி, அது முழங்கைக்கு வந்து நின்றுவிடும். முந்தானையை முதலில் இடது தோளில் போட்டு, பின்னால் முழங்காலுக்குக் கீழே வரும்படி அளவு வைத்து ஊக்குப் போட்டுவிட்டால், நடுவில் மிஞ்சும் துணி முழுதும் கொசுவத்துக்கு. கணக்கு தவறாது.

தோள் ஊக்கை ரவிக்கையின் தோள் தையல் மேலேயே குத்துங்கள். தையல் இல்லாத இடத்தில் குத்தினால் சேலையின் கனம் துணியைக் கிழிக்கும். சிறு துணித் துண்டோ பொத்தானோ ஊக்கின் அடியில் கொடுத்தால் சேலையும் தப்பும். ஊக்கு உள்பக்கத்திலிருந்து வர வேண்டும், வெளியே உலோகம் மின்னக்கூடாது.

இனி கொசுவம். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே விரியும் ஒரு சாணில் முக்கால் அகலம், ஆறு அல்லது ஏழு மடிப்பு. மேல்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கீழ்ப்பக்கத்தைச் சமமாக வைத்து மேலே மிஞ்சியதை உள்ளே செருகுங்கள். மடிப்பு இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். செருகும் முன் மேலே ஒரு பெரிய ஊக்குப் போட்டுவிட்டுச் செருகினால் கலையாது.

இப்போது ஒருவர் தரையில் உட்கார வேண்டும். கஞ்சி போட்ட காட்டனுக்கு இது இல்லாமல் ஆகாது. ஒவ்வொரு மடிப்பின் விளிம்பையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடுப்பிலிருந்து கரை வரை அழுத்தி நீவி, கீழே வந்ததும் மெல்ல ஒரு இழுப்பு. ஏழு மடிப்புக்கும் இதைச் செய்தால் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி அடுக்கி நிற்கும். உடன் ஆள் இல்லையென்றால் நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து, குனிந்து நீங்களே செய்யலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடைசியில் இடுப்புப் பக்கம் தொங்கும் தொய்வை இடப்பக்கமாகத் தள்ளிப் பின்னால் செருகிவிடுங்கள்.

10. நகையும் பூவும்

கழுத்தா, காதா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். பெரிய ஜிமிக்கி போட்டால் கழுத்தில் மெல்லிய சங்கிலி போதும். கழுத்தை நிறைக்கும் மாலை போட்டால் காதில் சிறு கம்மல். கரையின் ஜரிகை பொன் நிறமாக இருந்தால் நகையும் பொன் நிறம். ஜரிகை இல்லாத நூல் கரை என்றால் வெள்ளியும் கறுத்த வெள்ளியும் மிக அழகாக இருக்கும்.

பூ விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மல்லியை மத்தியானம் மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்து, கிளம்பும்போது வைத்துக்கொண்டால் மண்டபம் போய்ச் சேரும் நேரத்துக்கு விரிந்திருக்கும். தாழ்ந்த கொண்டையைச் சுற்றி ஒரு முழம். காட்டன் சேலைக்கு இதைவிடப் பொருத்தமான நகை எனக்குத் தெரியாது.

11. கிளம்பும்போதும் திரும்பி வந்தும்

கைப்பையில் இரண்டு ஊக்கு, ஒரு கைக்குட்டை. காரிலோ ஆட்டோவிலோ உட்காரும் முன் கொசுவத்தைக் கையில் பிடித்து முன்னால் விரித்துவிட்டு உட்காருங்கள். பின்பக்கத்தை மடிய விடாமல் ஒருமுறை தடவிவிடுங்கள். இறங்கியதும் மடிப்பை ஒருமுறை நீவினால் போதும். சாப்பாட்டுப் பந்தியில் முந்தானையை எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள், இலைச் சாம்பார் தொட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஊக்குகளை எல்லாம் எண்ணி எடுத்துவிட்டுச் சேலையைக் கொடியில் போட்டு வியர்வை உலர விடுங்கள். கஞ்சியோடு மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள், கஞ்சியைத் தின்ன வெள்ளிப்பூச்சி வந்து துணியையும் சேர்த்து அரித்துவிடும். அலசிக் கஞ்சியை எடுத்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் சேலை உள்ளே போக வேண்டும்.